முந்நூறு அடி கீழே

அவள் முகம் கழுவிவிட்டு வந்தபோது, கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த உயரமானி வீடு முந்நூறு அடி கீழே இருப்பதாகக் காட்டியது.

இரவு விளக்கை அணைக்கும்போது ஊசி பூஜ்யத்தில்தான் நின்றது. அவளே பார்த்தாள். படுக்கப் போகும் முன் அதைப் பார்ப்பது, கதவு தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பதுபோல ஒரு பழக்கமாகிவிட்டது. சரக்கு விமானம் ஓட்டும் அண்ணன் பழைய இரும்புக் கடையிலிருந்து எடுத்துவந்த சாமான் அது. உடைந்த ஏதோ ஒரு விமானத்திலிருந்து கழற்றியது. கறுப்பு முகம், வெள்ளை எண்கள், கண்ணாடியில் மயிரிழை போல ஒரு விரிசல். முதுகில் ஆணியால் கீறியதுபோல் 38 என்று இருந்தது. பாகத்தின் எண்ணாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

உயரமானிக்கு உண்மையில் உயரம் தெரியாது. அதற்குத் தெரிந்தது காற்றின் கனம் மட்டும். உள்ளே மூடிய தகரச் சிமிழ் ஒன்று இருக்கிறது. மேலே போகப் போகக் காற்று லேசாகும், சிமிழ் உப்பும், ஊசி ஏறும். கீழே வந்தால் காற்று கனக்கும், சிமிழ் அமுங்கும், ஊசி இறங்கும். தரையில் இன்று காற்று எவ்வளவு கனம் என்று யாராவது ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண்ணைப் பக்கத்துக் குமிழைத் திருகி வைத்தால்தான் தரை எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும்.

அந்த எண்ணைச் சொல்வதுதான் அவள் வேலை. மலைகளுக்கு நடுவே இருந்த சின்ன விமான நிலையத்தின் கோபுரத்தில் உட்கார்ந்து, இறங்க வருகிற ஒவ்வொருவருக்கும் அவள் எண்ணைச் சொல்வாள். அவர்கள் அதைத் திருப்பிச் சொல்வார்கள். அவள் "சரி" என்பாள். அந்தச் "சரி" வந்த பிறகுதான் குமிழைத் திருகுவார்கள்.

தினமும் கோபுரத்தின் எண்ணைக் கொண்டுவந்து வீட்டு உயரமானியிலும் வைப்பாள். வீடும் ஓடுபாதையும் ஒரே மட்டம் என்பதால் ஊசி பூஜ்யத்தில் போய் நிற்கும். முந்தாநாள் காலையில் அது நூறு அடி கீழே இருந்தது. நேற்று இருநூறு. காற்றின் கனம் இரவில் கூடினால் அப்படி இறங்கும்தான். ஆனால் கூடவில்லை. கோபுரத்தைத் திறக்கும் மூத்த அதிகாரி கைபேசியில் அனுப்பும் எண் இன்றும் இரவு இருந்த அதே எண். ஆயிரத்து ஆறு.

கைபேசி ஒலித்தது. அண்ணன்.

"என்ன ஊமைக்கோட்டான், எந்திரிச்சாச்சா?"

"ம்."

"பாத்தியா, அந்த 'ம்'முக்கு மேல ஒரு எழுத்து வராது. ஊர்ல பேசாதவளாத் தேடிப் புடிச்சு பேசுற வேலைக்கு வச்சிருக்காங்க."

"அண்ணா, சுவத்துல இருக்கிற ஆல்டிமீட்டர் முந்நூறு அடி கீழ காட்டுது."

"வீடு பூமிக்குள்ள போகுதோ என்னமோ. மேல ஒரு மாடி கட்டிடுவோம்."

"விளையாடாத. மூணு நாளா இறங்கிக்கிட்டே இருக்கு."

"பழைய சாமான்மா. விரலால ரெண்டு தட்டு தட்டு. சிக்கியிருந்தா விட்டுடும்."

அவள் நகத்தால் கண்ணாடியை இரண்டு முறை தட்டினாள். ஊசி அசையவில்லை. கையை எடுத்துக்கொண்டாள். கண்ணாடி அவ்வளவு குளிர்ந்திருந்தது.

டக். டக்.

தட்டிய இடத்திலேயே. உள்ளிருந்து.

"போதும் போதும், உடைச்சிடாத," என்றான் அண்ணன். "ஊசி நகர்ந்துச்சா?"

குளிரில் உலோகம் சுருங்கும்போது இப்படிச் சத்தம் வரும். கல்லூரியில் படித்ததுதான். சுருங்குகிற உலோகம் எண்ணித் தட்டுமா என்று மட்டும் எந்தப் பாடத்திலும் இல்லை.

"மேல என்ன குளிருன்னு பாத்தியா?" என்று அவன் பேசிக்கொண்டே போனான். "குளிர்ல காத்தும் உன்னை மாதிரிதான், சுருங்கி உட்கார்ந்துக்கும். ஊசி மூவாயிரம்னு சொல்லும், நிஜத்துல நான் முந்நூறு கீழ இருப்பேன். அதனால குளிருக்குன்னு ஒரு முந்நூறு கூட்டி வச்சுக்கிட்டுத்தான் கணவாயைத் தாண்டுறேன். மத்ததுக்கு நீ இருக்க."

"நான் என்ன இருக்கேன்?"

"நீ சொல்ற எண்தான் எனக்குத் தரை. வேற என்ன? சரி, மதியத்துக்கு முன்னாடி நான் சரக்கோட வந்துடுவேன். பின்னாடியே பயணிகள் விமானத்துல உங்க அண்ணியும் பாப்பாவும் வர்றாங்க. வீட்டைக் கொஞ்சம் சூடாக்கி வை. அத்தை வீடு சில்லுனு இருக்குன்னு பாப்பா புகார் குடுத்துடப் போறா."

"அவளுக்குப் பேச்சே வரல."

"உனக்கு மட்டும் வருதா?"

சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

அவள் காலணியை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றாள். இரண்டு காதும் அடைத்திருந்தன. விமானம் வேகமாக இறங்கும்போது அடைக்குமே, அப்படி. எச்சிலை விழுங்கினாள். டப்பென்று திறந்தது. கூடத்துக்குள்ளேயே, தரையோடு தரையாக, நிற்கிற இடத்தில்.

வெளியே மூடுபனி. தெருவிளக்குகள் இன்னும் அணைக்கப்படவில்லை, ஒவ்வொன்றும் பஞ்சுக்குள் வைத்த நெருப்புக்குச்சிபோல மங்கலாக இருந்தது. காலடியில் உறைந்த புல் நொறுங்கும் சத்தமும், கழுத்துத்துணியில் தன் மூச்சே ஈரமாகத் திரும்பி வரும் வாடையும் தவிர வேறொன்றுமில்லை. மலைகள் இருக்கும் பக்கம் வெறும் வெள்ளை. கணவாய் எங்கே இருக்கிறது என்று பழகிய கண்ணுக்குக்கூடத் தெரியவில்லை.

கோபுரத்தின் இரும்புப் படிகளில் ஏறி மேலறைக்கு வந்தபோது சூடேற்றியின் எரிந்த தூசி நாற்றம் அடித்தது. மூத்த அதிகாரி கம்பளிக் குல்லாவைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கோடையிலும் அந்தக் குல்லாவைக் கழற்றமாட்டார். எல்லோருக்கும் அவர் குல்லா சார்.

நாலு பக்கக் கண்ணாடியிலும் பனி ஒட்டிக்கொண்டிருந்தது. மேசைமேல் காற்றழுத்தம் காட்டும் இரண்டு கருவிகள். இரண்டிலும் ஆயிரத்து ஆறு.

"சார், எண் ராத்திரியிலேர்ந்து அசையவே இல்ல."

"என்னது?"

"எண் அசையல சார்."

"சத்தமா பேசும்மா. கொசு கூட உன்னைவிடக் கத்தும்."

அவள் முகம் சூடானது. "எண் அசையல. இவ்வளவு பனி விழுந்திருக்கு, ஒரு புள்ளி கூட ஏறாம இறங்காம இருக்கு. குழாய் அடைச்சிருக்குமோ?"

"ரெண்டு கருவியும் ஒண்ணைத்தானே சொல்லுது?"

"ரெண்டுக்கும் குழாய் ஒண்ணுதானே சார்."

குல்லா சார் கோப்பையைக் கீழே வைத்தார். அவள் சொன்னது சரிதான். வெளிக்காற்று அந்தக் கருவிகளுக்கு வருவது, கட்டடத்தின் பின்சுவரில் திறக்கும் ஒரே மெல்லிய குழாய் வழியாக. அதன் வாய் அடைத்துக்கொண்டால் உள்ளே அகப்பட்ட பழைய காற்றைத்தான் இரண்டும் அளந்துகொண்டிருக்கும். ஒரே பொய்யை இரண்டு வாயால் சொல்லும்.

"போன வருஷம் குளவி கூடு கட்டிச்சு. இந்த வருஷம் உன் புண்ணியத்துல ஐஸ்கட்டி," என்று முனகிக்கொண்டே எழுந்தார். கைவிளக்கையும் ஒரு நீளக் கம்பியையும் எடுத்துக்கொண்டார். "வெளிய போனா என் காது கழண்டு விழும். விழுந்தா நீதான் பொறுக்கித் தரணும்."

படிகளில் அவர் இறங்கும் சத்தம் ஒவ்வொன்றாகச் சின்னதாகி நின்றது. அவருடைய கைபேசி தேநீர்க் கோப்பையின் பக்கத்திலேயே கிடந்தது.

அவள் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு மைக்கின் முன் உட்கார்ந்தாள். மைக்கின் பொத்தானை அழுத்தினால் மேசையில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அது எரிந்துகொண்டிருக்கும்வரை அந்த அலைவரிசையில் வேறு யார் பேசினாலும் கேட்காது. ஒரு வாய்க்குத்தான் இடம். விளக்கு அணைந்திருந்தது. ஒலிபெருக்கியில் மெல்லிய இரைச்சல், அரிசியைச் சலிப்பதுபோல. சூடேற்றி ஒரு முறை முனகி அடங்கியது. கண்ணாடியில் ஒட்டியிருந்த பனி உருகி ஒரு கோடாக இறங்கிப் பாதி வழியில் நின்றது. எங்கோ கீழே, ஓடுபாதையின் பக்கமாக, கனமான ஏதோ ஒன்று ஈரத் தரையில் மெதுவாக இழுபடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. நின்றது.

காதுகள் மறுபடி அடைத்துக்கொண்டன.

"கோபுரம், முப்பத்தெட்டு. தரையில நிக்கிறேன்."

ஆண் குரல். நிதானமான குரல். நிறைய ஆண்டுகள் ஓட்டிய ஒருவரின் குரல்.

அவள் சுவரில் இருந்த பலகையைப் பார்த்தாள். இன்று வர வேண்டியவை இரண்டே இரண்டு. அண்ணனின் சரக்கு விமானம் நாற்பத்தொன்று. அண்ணி வரும் பயணிகள் விமானம். முப்பத்தெட்டு இல்லை.

"முப்பத்தெட்டு, உங்களுக்கு நான் அனுமதி குடுக்கலையே."

"ரொம்ப நேரமா கூப்பிட்டேன். நீங்க ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சு, சரியா கேக்கல." இரைச்சல். "சத்தமா பேசும்மா."

வெட்கம்தான் முதலில் வந்தது. பயம் வர வேண்டிய இடத்தில் அது வந்து உட்கார்ந்துகொண்டது. குழாயைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ கூப்பிட்டிருக்கிறார். அவளும் வாய்க்குள் ஏதோ முனகியிருக்கிறாள். இந்தப் பனியில் ஒரு மனிதர் தானாகவே இறங்கியிருக்கிறார்.

"மன்னிச்சுக்குங்க. எல்லாரும் நல்லா இருக்கீங்களா?"

"தரையில நிக்கிறேன்," என்றது குரல். "உங்க எண்ணைத்தான் வச்சேன். ஊசி முந்நூறு அடி கீழ காட்டுது."

அவள் பேனா விரலிலிருந்து நழுவியது.

"எவ்வளவு?"

"முந்நூறு. உங்க எண் கம்மி. நிஜக் காத்து அதைவிடக் கனம். ஊசி என்னைத் தாழக் காட்டிச்சு, நான் நிஜத்துல உயரத்துல இருந்தேன். பாதி ரன்வே தாண்டித்தான் சக்கரம் தொட்டுச்சு. இப்ப முன்சக்கரம் பள்ளத்தோட விளிம்புல இருக்கு." சற்று நின்றது. "எனக்குப் பின்னாடி யாராவது வர்றாங்களா?"

"வர்றாங்க."

"லேசான விமானமா?"

"இல்ல. சரக்கு."

"அப்ப அவர் நிக்க மாட்டாரும்மா."

ஓடுபாதைக்கு அப்பால் பள்ளம். அவள் அதைத் தெளிந்த நாட்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். அடியில் நீர் ஓடும் சத்தம்கூட மேலே எட்டாது.

கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்தாள். வெள்ளை. விளிம்பும் இல்லை, விமானமும் இல்லை. விமானிகள் பேசும்போது குரலுக்குப் பின்னால் எப்போதும் இயந்திரம் இரைந்துகொண்டிருக்கும். இந்தக் குரலுக்குப் பின்னால் ஒன்றும் இரையவில்லை. மரங்களுக்குள் காற்று போவதுபோல ஒன்று மட்டும் கேட்டது. இயந்திரத்தை அணைத்துவிட்டு நிற்கிறார், அதனால்தான், என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டு ஊசி முந்நூறு. இவருடைய ஊசியும் முந்நூறு. எதிரில் இரவு முழுக்க அசையாத ஓர் எண். இரண்டு சாட்சிகள் ஒரு பக்கம். அடைத்த குழாய் ஒரு பக்கம். ஒரு புள்ளிக்கு முப்பது அடி, முந்நூறு அடி என்றால் பத்துப் புள்ளி. நிஜமான எண் ஆயிரத்துப் பதினாறு.

படிகளைப் பார்த்தாள். சார் வரவில்லை.

"கோபுரம், நாற்பத்தொன்று. கணவாய்க்கு வர்றேன். எண் சொல்லுங்க, மேடம்."

அந்த 'மேடம்' அண்ணனின் குறும்பு. குரலுக்குப் பின்னால் இயந்திரத்தின் இரைச்சல் நிறைந்து வழிந்தது.

"நாற்பத்தொன்று, கொஞ்சம் பொறுங்க."

"நான் பொறுக்கலாம். மலை பொறுக்காதே."

குறைத்துச் சொன்னால் அவன் உயரத்தில் வருவான், பள்ளம். கூட்டிச் சொன்னால் தாழ வருவான், மலை. நடுவில் ஒரே ஓர் எண்தான் தரை. அதை அவள்தான் சொல்ல வேண்டும். இரண்டு கருவிகளும் மேசையிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஆயிரத்து ஆறு. ஆயிரத்து ஆறு.

"சொல்லும்மா," என்றது முப்பத்தெட்டின் குரல். மிக அருகில். காதொலிப்பானுக்குள். "அவர் காத்திருக்கார்."

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"நாற்பத்தொன்று. ஒண்ணு, ஜீரோ, ஒண்ணு, ஆறு."

"ஒண்ணு, ஜீரோ, ஒண்ணு, ஆறு." ஒரு நொடி. "காலையில ஆறுதானே சொன்னாங்க? அதுக்குள்ள பதினாறா?"

"குழாய் அடைச்சிருக்கு. முன்னாடி இறங்கினவர் சொன்னார். அவருக்கு முந்நூறு அடி கீழ காட்டிச்சு."

"முன்னாடி யாரு? எனக்கு ஒரு குரலும் கேக்கலையே."

"இறங்கிட்டாங்க. தரையில நிக்கிறாங்க."

"சரி. நீ சொன்னா சரி." இயந்திரத்துக்கு மேலாக அவன் சிரிப்பு. "இன்னைக்கு ஒரு முழு வாக்கியம் பேசிட்ட ஊமைக்கோட்டான். அண்ணிகிட்ட சொல்லணும். ஒண்ணு, ஜீரோ, ஒண்ணு, ஆறு. சரியா?"

"சரி," என்றாள்.

மலைமேல் எங்கோ ஓர் ஊசி முந்நூறு அடி ஏறியது. அதைச் சமன் செய்ய ஒரு விமானம் முந்நூறு அடி இறங்கியது.

படிகளில் காலடிச் சத்தம். குல்லா சார் மூச்சு வாங்க உள்ளே வந்து, கம்பியை மூலையில் சாத்தினார். குல்லாவின் மேல் பனித்துகள்.

"கம்பியை முழுசா விட்டுப் பார்த்துட்டேன். ஊதியும் பார்த்தேன். குழாய் சுத்தமா இருக்கு. தாராளமா காத்து போகுது. உன் பேச்சைக் கேட்டு மூக்கு உறைஞ்சதுதான் மிச்சம்."

அவள் கருவிகளைப் பார்த்தாள். ஆயிரத்து ஆறு. அவள் பார்க்கும்போதே கடைசி இலக்கம் மெல்ல மாறியது. ஆயிரத்து ஐந்து.

அசைந்தது.

"சார், முன்னாடி இறங்கினவருக்கு ஊசி கீழ காட்டிச்சு. அவர் சொன்னார்."

"எவர் இறங்கினார்? நான் ரன்வே பக்கமா சுத்தித்தான் வந்தேன். ஒரு காக்கா கூட இல்ல."

"முப்பத்தெட்டு."

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு விரல் பாதி கழன்ற நிலையில் கை நின்றது.

"யார் சொன்னது உனக்கு அந்த நம்பர்?"

"கூப்பிட்டார்."

"முப்பத்தெட்டு கணவாய்ல மோதிடுச்சும்மா. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல. இதே மாதிரி ஒரு குளிர்ல. கிடைச்சதையெல்லாம் பொறுக்கிப் பழைய இரும்புக்குப் போட்டாங்க." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "என்ன பண்ணின?"

வீட்டுச் சுவர். கறுப்பு முகம். முதுகில் ஆணியால் கீறிய 38. இரண்டு சாட்சிகள் இல்லை. ஒருவன்தான். மூன்று நாளாக ஒருவன்தான், அடி அடியாக.

பொத்தானை அழுத்தினாள். விரல் நகம் மடங்கியது.

"நாற்பத்தொன்று, ஏறு! அண்ணா, ஏறு, எண் தப்பு, ஆயிரத்து ஆறு, ஏறு!"

கத்தினாள். பிறந்ததிலிருந்து அப்படிக் கத்தியதில்லை. சிவப்பு விளக்கு எரியவில்லை. எரியவில்லை என்பதைக் கத்தி முடித்த பிறகுதான் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். இருட்டு. மறுபடி.

குளிருக்கு அவன் கூட்டி வைத்த முந்நூறை அவள் எடுத்துவிட்டாள்.

மலையிலிருந்து சத்தம் ஒன்று வந்தது. பெரிய சத்தம் இல்லை. மூடுபனி அதைப் பாதி தின்றுவிட்டது. பக்கத்து அறையில் யாரோ ஒரு கனமான பெட்டியைக் கீழே வைத்ததுபோல. தேநீர்க் கோப்பை தட்டில் ஒரு முறை நடுங்கியது.

பிறகு அரிசி சலிக்கும் இரைச்சல்.

குல்லா சார் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மீட்புப் படை. அடுத்த நிலையம். யாராவது. மறுமுனையில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. குல்லா தலையிலிருந்து விழுந்திருந்தது. அவருக்கு முடியே இல்லை என்பதை அவள் இப்போதுதான் பார்த்தாள்.

மூடுபனி சற்று விலகியது. ஓடுபாதை முழுசாகத் தெரிந்தது. விளிம்பு வரை வெறுமை. ஈரமான சிமெண்டின் மேல் ஒரே ஓர் இழுபட்ட கோடு, பள்ளத்தின் பக்கமிருந்து கோபுரத்தின் அடிவரை வந்து முடிந்தது.

ஒலிபெருக்கி கரகரத்தது.

"கோபுரம், நாற்பத்தொன்று. தரையில நிக்கிறேன்."

அண்ணன். அவனேதான். இயந்திர இரைச்சல் மட்டும் இல்லை. மரங்களுக்குள் காற்று.

"அண்ணா?"

"ஊசி முந்நூறு அடி கீழ காட்டுது."

"அண்ணா, எங்க இருக்க?"

"எனக்குப் பின்னாடி யாராவது வர்றாங்களா?"

மேசையில் அவள் கைபேசி வெளிச்சமாகிக் கிடந்தது. அண்ணியின் செய்தி. எப்போதோ வந்தது. *ஏறிட்டோம். பாப்பா தூங்குறா. அத்தை வீட்டுல சூடு போட்டாச்சா?*

"லேசான விமானமா?" என்றது அண்ணனின் குரல்.

அவள் மைக்கை மேசையில் வைத்தாள். மெதுவாக, தூங்குகிற ஏதோ ஒன்றைக் கீழே விடுவதுபோல. கையை எடுத்தாள். நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள், முதுகு கண்ணாடியில் இடிக்கும்வரை. இனி பேசமாட்டாள். எந்த எண்ணும் சொல்லமாட்டாள். சொல்லாவிட்டால் அவர்கள் இறங்கமாட்டார்கள். திரும்பிப் போய்விடுவார்கள். அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அது அவளுக்குத் தெரியும். அது ஒன்றுதான் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கோபுரம், வணக்கம்." புதிய குரல். பயணிகள் விமானத்தின் தலைமை விமானி. பின்னால் இயந்திரங்களின் முழு இரைச்சல். "கணவாய்க்கு வந்துக்கிட்டு இருக்கோம். எண் சொல்லுங்க."

அவள் உள்ளங்கைகளை உதட்டோடு இன்னும் இறுக்கினாள்.

"கோபுரம், கேக்குதா? எண் இல்லாம இறங்க முடியாது. திரும்பிப் போறதா இருந்தா சொல்லிடுங்க."

போங்க. போங்க. போங்க.

மேசையில் சிவப்பு விளக்கு எரிந்தது.

மைக் அதே இடத்தில் கிடந்தது. பொத்தானை யாரும் தொடவில்லை.

"வணக்கம்," என்றது ஒலிபெருக்கி. "நல்லா கேக்குது."

அவள் குரல்.

குல்லா சார் நிம்மதியோடு திரும்பினார். அவளைப் பார்த்தார். அவள் கைகளைப் பார்த்தார். தொலைபேசி அவர் விரல்களிலிருந்து சரிந்து கம்பியில் தொங்கியது. பாய்ந்து மைக்கை எடுத்துப் பொத்தானை அழுத்தினார், "கேக்காதீங்க, ஏறுங்க, ஏறுங்க," என்று கத்தினார். விளக்கு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. ஒரு வாய்க்குத்தான் இடம்.

"ஒண்ணு," என்றது அவள் குரல். தெளிவாக. திருத்தமாக. ஆண்டுக்கணக்காக எல்லோரும் அவளிடம் கேட்ட அந்தச் சத்தமான குரலில். "ஜீரோ. ஒண்ணு. ஆறு."

"ஒண்ணு, ஜீரோ, ஒண்ணு, ஆறு," என்றார் விமானி.

"சரி."

"நன்றி மேடம். இன்னைக்குத்தான் உங்க குரல் நல்லாக் கேக்குது."

காதுகள் அடைத்துக்கொண்டன. உள்ளங்கைகளுக்குள் அவள் உதடுகள் இறுக மூடியிருந்தன. ஒலிபெருக்கியில், அதே குரல், அன்பாக, சின்னச் சிரிப்போடு சொன்னது:

"பத்திரமா வாங்க, அண்ணி."

சிவப்பு விளக்கு அணையவில்லை.